மால்ட்டுப் பாகின் வரலாறு

கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், வலைஞர் குடியிருப்பைப் புனைந்துரைக்கும் பகுதியிலே ஒரு செய்முறை வருகிறது. குற்றித் தீட்டாத அரிசியைக் குழையத் துழாவிக் களியாக்குதல். அகன்ற வாயையுடைய பிழாவில் இட்டு அதனை ஆற்றுதல். புற்றாஞ்சோற்றை ஒத்த தோற்றமுடைய அடையை அதனோடு அளைந்து கலத்தல். வலிய வாயையுடைய சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்து முதிரவிடுதல். பின்னர் விரலால் அலைத்துப் பிழிந்தெடுத்தல். அடுக்களையில் நின்று பார்த்தவர் போலப் புலவர் இதனைக் கூறுகிறார். அந்நூலின் வேறோரிடத்தில் இல்லத்திலேயே அட்ட கள்ளுக்குத் தோப்பி என்னும் பெயர் வருகிறது. நெல்லாற் செய்த கள் என்பது அதற்கு உரைகாரர் கண்ட பொருள்.

இலக்கிய அன்பர்கள் பலரும் இவ்விடத்தைச் சங்ககால உணவுப் பழக்கத்துக்குச் சான்றாகக் காட்டி மேலே செல்வர். நாம் சற்றே நின்று கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த மதுவை வலைஞர் கடையில் வாங்கவில்லை. தம் வீட்டிற் செய்தனர். வீட்டுச் சாடியில் ஒரு குடும்பம் தனக்கென விளைவித்துக்கொள்ளும் மதுவுக்கும், விற்பனைக்கென்று ஆலையில் வடித்தெடுக்கும் மதுவுக்கும் இடையே உலகெங்கும் ஒரு நெடிய வழக்கு நடந்திருக்கிறது. அவ்வழக்கின் நடுவே, யாரும் எதிர்பாராத வகையில், ஒரு தகர டப்பா வந்து அமர்ந்தது. அதனுள் இருந்தது மால்ட்டுப் பாகு. அதன் வரலாறே இக்கட்டுரையின் பொருள்.

பனங்கள்ளும் திராட்சை மதுவும் எளியவை. பதநீரிலும் பழச்சாற்றிலும் சர்க்கரை முன்னரே இருக்கிறது; காற்றில் உலவும் நுண்ணுயிர் வந்து விழுந்தால் போதும், நொதித்தல் தானே தொடங்கிவிடும். தானியத்தின் நிலை அதுவன்று. அதில் உள்ளது மாவுப்பொருள். ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் மாவை உண்ணாது. மாவை முதலில் இனிப்பாக்க வேண்டும். இதற்கு மனித குலம் மூன்று வழிகளைக் கண்டது. தென்னமெரிக்க மலைவாழ் மக்கள் மக்காச்சோளத்தை வாயில் மென்று உமிழ்நீரின் துணையால் இனிப்பாக்கினர். சீனரும் சப்பானியரும் சோற்றின்மேல் ஒருவகைப் பூஞ்சணத்தை வளர்த்தனர். மெசொப்பொத்தாமியரும் எகிப்தியரும், அவர்களுக்குப் பின் ஐரோப்பியரும், தானியத்தை முளைகட்டினர்.

முளைகட்டுவதன் நுட்பம் நம் வீட்டுப் பெண்டிர் அறியாததன்று. வாற்கோதுமையை நனைத்து முளைக்கவிட்டால், வளரும் முளைக்கு உணவாக வேண்டி, மாவைச் சர்க்கரையாக மாற்றும் ஒரு பொருள் அதில் சுரக்கும். 1833-இல் பேயன், பெர்சோ என்னும் பிரெஞ்சு வேதியியலார் இருவர் அதனைப் பிரித்தெடுத்து டயஸ்டேஸ் என்று பெயரிட்டனர். முளை மிகுமுன் அனலில் உலர்த்தி வளர்ச்சியை நிறுத்திவிட்டால் கிடைப்பது மால்ட்டு. அதனை நொறுக்கி, ஏறத்தாழ 65 பாகை வெந்நீரில் ஊறவைத்தால், சுரந்திருந்த பொருள் மறுபடியும் வேலை செய்து மாவு முழுவதையும் இன்சாறாக்கிவிடும். அச்சாற்றை ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூவோடு கொதிக்கவைத்து, ஆற்றி, ஈஸ்ட் சேர்த்தால் பீர். சாற்றைப் பாலோடும் கோதுமை மாவோடும் சேர்த்து வற்றவைத்துப் பொடியாக்கினால் ஹார்லிக்ஸ். 1883-இல் அமெரிக்க நாட்டில் ஹார்லிக் உடன்பிறப்பாளர் உரிமை பெற்ற இந்தப் பொடி, பீரை மனத்தாலும் தீண்டாத நம் குடும்பங்களில் நோயாளிக்கும் குழந்தைக்கும் வெந்நீரில் கரைத்துக் கொடுக்கப்பட்டது. பீரும் அதுவும் ஒரே முளையிற் பிறந்தவை என்று நம் பாட்டியரிடம் சொல்லியிருந்தால் புட்டி வாசலோடு போயிருக்கும்!

பாகுக்கு வருவோம். மால்ட்டுச் சாற்றை நீர் வற்றக் காய்ச்சித் தேன்போல ஆக்கினால், நெடுநாள் கெடாதிருக்கும். வேண்டும்போது நீர் கலந்து மீண்டும் சாறாக்கலாம். இந்த எண்ணம் மதுப்பிரியர் எவருக்கும் முதலில் தோன்றவில்லை. மாலுமிகளின் ஈறு அழுகி, பல் உதிர்ந்து, பழம்புண் திறந்து, கூட்டங்கூட்டமாக மடிந்த ஸ்கர்வி நோய்க்கு மருந்து தேடியபோது தோன்றியது.

டப்ளின் நகரத்து அறுவை மருத்துவர் டேவிட் மக்பிரைடு 1764-இல் ஒரு நூல் வெளியிட்டார். உடல் அழுகுவதைத் தடுப்பது கரியமில வாயு. நொதிக்கவல்ல பொருளை உட்கொண்டால் அவ்வாயு வயிற்றினுள்ளே பிறந்து நோயைப் போக்கும். ஆகையால் மாலுமிகளுக்கு மால்ட்டுச் சாறு கொடுக்கலாம் என்பது அவர் கொள்கை. கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. பிரிட்டிஷ் கடற்படை இதனை ஏற்று, 1768-இல் எண்டவர் என்னும் கப்பலில் புறப்பட்ட ஜேம்ஸ் குக்கிடம் மால்ட்டைக் கொடுத்து ஆராயச் சொல்லிற்று. 1772-இல் குக் ரெசல்யூஷன் கப்பலில் இரண்டாம் பயணம் தொடங்கியபோது இன்னும் ஒருபடி முன்னேறினர். கடற்படை உணவு வழங்கு துறையின் செயலராகிய பெலாம் என்பார் வற்றக்காய்ச்சிய மால்ட்டுச் சாற்றை, அதாவது நம் பாகின் முன்னோடியை, பீப்பாய்களில் அடைத்துக் கப்பலில் ஏற்றச் செய்தார்.

பத்தொன்பது அரைப்பீப்பாய்கள் ஏற்றப்பட்டன. குக்கின் நாட்குறிப்பு இதுபற்றித் தெளிவாகப் பேசுகிறது. அவற்றுட் சில, நொதித்து முடிந்த பீரையே வற்றவைத்தவை; அவற்றில் தண்ணீர் கலந்தால் போதும். பெரும்பாலானவை ஹாப்ஸ் சேர்த்து நொதிக்காமல் வற்றவைத்த சாறு. அவற்றில் நீரும் ஈஸ்ட்டும் கலந்து புதிதாகப் பீர் செய்ய வேண்டும். பாகு ஒரு பங்குக்கு நீர் பத்துப் பங்கு என்பது குக் கையாண்ட அளவு. ஆயினும் மதெய்ராத் தீவைக் கடந்து வெப்பமண்டலத்தில் புகுந்ததும் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. கப்பலின் அடித்தட்டு வெப்பத்தாலும் அலையின் அசைவாலும் பீப்பாய்க்குள் இருந்த பாகு தானே பொங்கி நொதிக்கத் தொடங்கிவிட்டது. என்ன செய்தும் நிறுத்த முடியவில்லை. இது மட்டும் நொதிக்காமல் இருந்தால் கடற்பயணத்துக்கு இதைவிடச் சிறந்த பண்டம் வேறில்லை என்னும் கருத்துப்பட அவர் எழுதுகிறார்.

ஏன் நொதித்தது? விடை இன்று எளிது. சர்க்கரையின் செறிவு ஓர் எல்லையைக் கடந்தால், பாகு ஈஸ்ட்டின் உடலிலிருந்தே நீரை உறிஞ்சிவிடும். நுண்ணுயிர் அதில் வாழாது. தேனும் வெல்லப்பாகும் கெடாதிருப்பது இதனாலேயே. பெலாமின் பாகு அந்த எல்லையை எட்டியிருக்கவில்லை. திறந்த கொப்பரையில் தீமூட்டிக் காய்ச்சுவோர்க்கு அது எளிதுமன்று. மேலும் வற்றவைத்தால் பாகு கருகும். இந்த முட்டுக்கட்டை நீங்க இன்னும் நாற்பது ஆண்டுகள் ஆயின.

1773 மார்ச்சு இறுதியில் ரெசல்யூஷன் நியூசிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள டஸ்கி விரிகுடாவுக்குள் நுழைந்தது. நான்கு மாதம் தரையையே காணாத மாலுமிகள். குக் அங்கிருந்த ரிமு மரத்தின் இளங்கிளைகளையும், தேயிலைச்செடி என்று தாம் பெயரிட்ட மனுக்காவின் தழைகளையும் வெட்டிவரச் செய்தார். அவற்றைப் பட்டை உரியும் வரை மூன்று நான்கு மணி நேரம் கொதிக்கவிட்டு, வடித்த கசாயத்தில் மால்ட்டுப் பாகும் கரும்புக் கழிவுப்பாகும் கலந்து, வெதுவெதுப்பாக ஆறியபின் நொதி சேர்த்தார். சில நாளில் பீர் ஆயத்தமாயிற்று. நியூசிலாந்து மண்ணில் காய்ச்சப்பட்ட முதல் பீர் அதுவே என்பர். உடன் சென்ற சுவீடன் நாட்டு இயற்கையியலார் ஆந்தர்ஸ் ஸ்பார்மன், அதில் சிறிது ரம்மும் பழுப்புச் சர்க்கரையும் கலந்தால் ஷாம்பேனை ஒத்த சுவை வந்ததாகக் குறித்துவைத்தார். உலர்ந்த தழையும் புளித்த பாகும் கலந்த அந்த நீர் உண்மையில் எப்படி இருந்ததோ! நெடுங்கடலில் நான்கு மாதம் கழித்தவனின் நாக்கைக் கொண்டு அதனை அளக்க வேண்டும்.

ஆனால் மருந்து என்ற வகையில் மால்ட்டு முற்றிலும் பயனற்றது. ஸ்கர்விக்குக் காரணம் வைட்டமின் சி குறைபாடு. உலர்த்திய மால்ட்டில் அது இல்லை. வற்றக்காய்ச்சிய பாகில் இருக்கவே இயலாது. குக்கின் மாலுமிகளைக் காத்தவை, கரையிறங்கிய இடமெல்லாம் அவர் வற்புறுத்தி உண்ணச் செய்த கீரையும் பழமும் பச்சிலையுமே. ஜேம்ஸ் லிண்டு என்னும் கடற்படை மருத்துவர் 1747-இலேயே பன்னிரண்டு நோயாளிகளை இருவர் இருவராகப் பிரித்துச் சோதித்து, எலுமிச்சையும் ஆரஞ்சும் உண்டவர் தேறியதைக் கண்டு, 1753-இல் நூலாகவும் வெளியிட்டிருந்தார். அந்நூல் அலமாரியில் இருக்க, 1776-இல் இராயல் கழகம் குக்குக்குக் காப்ளி பதக்கம் அளித்தபோது, அதன் தலைவர் சர் ஜான் பிரிங்கிள் மால்ட்டின் பெருமையைப் பேசினார். எலுமிச்சைச் சாறு கடற்படை முழுமைக்கும் கிடைக்க 1795 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் ஈறழுகி இறந்தவர் கணக்கை எவரும் மால்ட்டின் பற்றில் எழுதவில்லை. குக் பெரும் கடலோடி என்பதில் ஐயமில்லை. எனினும், பல மருந்தை ஒருசேரக் கொடுத்துவிட்டு எது குணமாக்கியது என்று சொல்வதில் உள்ள இடருக்கு இதனினும் கொடிய சான்று வேறு வேண்டுவதில்லை.

இனிக் கப்பலை விட்டு இங்கிலாந்தின் ஊர்ப்புறத்துக்கு வருவோம். அங்கே வீட்டில் பீர் காய்ச்சுவது ரொட்டி சுடுவதுபோல இல்லத்தரசியின் அன்றாடப் பணியாக இருந்தது. எளியோர் வீட்டில் மெல்லிய பீர். பெருநிலக்கிழார் மாளிகைகளில் வேறு வகை. அறுவடை முடிந்து புதிய மால்ட்டு வந்தபின் அக்டோபர் மாதத்தில் மிகச் செறிவாகக் காய்ச்சி ஆண்டுக்கணக்கில் முதிரவைக்கும் கடும்பீர் அங்கே உண்டு. குடும்பத்துக்கு ஆண்மகவு பிறந்தால் அன்று ஒரு பெரும்பீப்பாய் காய்ச்சி மூடிவைத்து, அவன் இருபத்தோராம் வயதை எட்டும் நாளில் திறப்பது சில குடும்பங்களின் மரபு. பீப்பாயும் பிள்ளையும் ஒருசேர வளர்ந்தன.

இவ்வழக்கத்தை அழித்தது ஒழுக்கப் பிரசாரம் அன்று, வரி. 1697-இல் மால்ட்டின்மீது விதித்த வரி போர் வரும்போதெல்லாம் உயர்ந்தது. வில்லியம் காபெட் என்னும் சினம் மிக்க எழுத்தாளர் 1821-22-இல் பகுதி பகுதியாக வெளியிட்ட குடிசைப் பொருளாதாரம் என்னும் நூலில், ஒரு தலைமுறைக்கு முன்வரை உழைப்பாளி வீடுகளில் பீர் காய்ச்சாத வீடு அரிது என்றும், மால்ட்டு வரியும் ஹாப்ஸ் வரியும் சேர்ந்து அவர்களைத் தேநீர்க்கு அடிமையாக்கிவிட்டன என்றும் குமுறினார். ஓராண்டுக்குத் தேநீர்ச் செலவு எவ்வளவு, வீட்டுப் பீர்ச் செலவு எவ்வளவு என்று ஒவ்வொரு காசாகக் கணக்கிட்டுத் தேநீரே ஊதாரித்தனம் என்று நிறுவினார். தேநீரை உடல் வலிமையைக் கெடுக்கும் நஞ்சாகவும் பீரை நல்லுணவாகவும் அவர் பேசுவதை நம்மவர் படித்தால் நூலைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறோமோ என்று திகைப்பர். ஆயினும் அவர் கூறிய அடிப்படைச் செய்தி மெய். வீட்டில் காய்ச்சிய பீருக்குத் தனியாகப் பீர் வரி கிடையாது என்பதுதான் ஏழை வீட்டுக்கு எஞ்சியிருந்த ஒரே ஆதாயம். 1830-இல் அரசு விற்பனைப் பீரின் வரியையும் நீக்கியபோது அந்த ஆதாயமும் போயிற்று. மால்ட்டு வரி மட்டும் நின்றது.

1880-இல் கிளாட்ஸ்டன் மால்ட்டு வரியை ஒழித்து, பீரின் அடர்த்தியைக் கொண்டு வரி வாங்கும் முறையைக் கொணர்ந்தார். உழவர் மகிழ்ந்தனர். ஆனால் அதே சட்டத்தின்படி, தன் வீட்டில் தன் குடும்பத்துக்காகக் காய்ச்சுபவனும் அரசிடம் உரிமம் பெற வேண்டும். ஒரு சட்டத்தின் ஒரு பிரிவு, ஆயிரமாண்டுப் பழக்கம் ஒன்றைக் குற்றத்தின் எல்லைக்குள் தள்ளிவிட்டது. உரிமம் கேட்பவர் ஆண்டுதோறும் குறைந்தனர். கேளாமற் காய்ச்சியவர் கணக்கு யாரிடமும் இல்லை.

இதற்கிடையில் பாகு தன் பழைய நோய் தீர்ந்து மறுபிறப்பு எடுத்திருந்தது. 1813-இல் எட்வர்டு சார்லஸ் ஹோவர்டு என்பார் சர்க்கரை ஆலைக்கென வெற்றிடக் கொப்பரை ஒன்றை அமைத்தார். காற்றை வெளியேற்றி மூடிய கலத்தில் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும், பாகு கருகாது, வேண்டிய செறிவுக்கு வற்றவைக்கலாம். இம்முறை மால்ட்டுக்கும் வந்தது. பெலாமின் பீப்பாய் பொங்கியது. இந்தப் புதுப்பாகு ஏறத்தாழ எண்பது விழுக்காடு திடப்பொருளாக இறுகி, ஆண்டுக்கணக்கில் அசையாது கிடந்தது. மருந்துக்கடைக்காரர் அதனை மீன் எண்ணெயோடு கலந்து நோஞ்சான் பிள்ளைகளுக்கு விற்றனர். 1928-இல் வெளிவந்த ஏ. ஏ. மில்னின் குழந்தைக் கதை நூலில் டிக்கர் என்னும் பொம்மைப் புலி, உலகத்தில் எதுவும் பிடிக்காமல் அலைந்து, கடைசியில் கங்காரு வீட்டுக் குட்டிக்கு மருந்தாக வைத்திருந்த மால்ட்டுப் பாகே தன் உணவு எனக் கண்டுகொள்வது ஆங்கிலப் பிள்ளைகள் அனைவரும் அறிந்த செய்தி.

அமெரிக்காவில் இப்பாகு அடைந்த பெருவாழ்வு தனிக்கதை. 1919 ஜனவரியில் அரசியலமைப்பின் பதினெட்டாம் திருத்தம் ஏற்கப்பட்டு, 1920 ஜனவரி 17 முதல் நாடு முழுதும் மதுவிலக்கு வந்தது. அரை விழுக்காட்டுக்கு மேல் சாராயச்சத்து உள்ள எதுவும் மது என்றது வோல்ஸ்டெட் சட்டம். பழச்சாறு வைத்திருக்கும் குடும்பத்தினிடம் அச்சட்டம் சற்றே கண்ணை மூடிக்கொண்டது, பீரிடம் மூடவில்லை. ஆனால் மால்ட்டுப் பாகு மது அன்றே! அது ரொட்டிக்கும் பலகாரத்துக்கும் இடும் இனிப்பு. அதனை விற்பதை எந்தச் சட்டத்தால் தடுப்பது?

பூட்டிக்கிடந்த பெரும் பீர் ஆலைகள் இந்த வழியைப் பற்றிக்கொண்டன. பாப்ஸ்ட், ஆன்ஹைசர்-புஷ் முதலிய நிறுவனங்கள் டப்பாக்களில் மால்ட்டுப் பாகை அடைத்து மளிகைக் கடைதோறும் அனுப்பின. சிலவற்றில் ஹாப்ஸ் கசப்பும் சேர்த்தே இருந்தது. கசப்பான பாகை ஊற்றிப் பலகாரம் சுடும் இல்லத்தரசி எங்கே இருக்கிறாள் என்று எவரும் உரக்கக் கேட்கவில்லை. 1927-இல் ஆன்ஹைசர்-புஷ் ரொட்டிக்கான ஈஸ்ட்டையும் விற்கத் தொடங்கிற்று. பாகு, ஈஸ்ட், புட்டி, மூடி, மூடியை அழுத்தும் கருவி எல்லாம் ஒரே தெருவில் கிடைத்தன. எல்லாம் தனித்தனியே சட்டப்படியானவை, சேர்ந்தால் குற்றம். வீட்டுக்குள் புகுந்து சோதிக்கவும் அரசால் எளிதில் இயலவில்லை. விற்பனை நடந்ததற்குச் சான்றில்லாமல் குடியிருக்கும் வீட்டைச் சோதிக்க ஆணை தரலாகாது என்று அதே வோல்ஸ்டெட் சட்டம் கட்டுப்படுத்தியிருந்தது. சில மாநிலங்கள் வேறு வழியின்றிப் பாகின்மீது வரி விதித்து, விலக்கிய பொருளிலிருந்தே வருவாய் கண்டன.

செய்முறை எல்லார்க்கும் மனப்பாடம். ஒரு டப்பாப் பாகு, சில இராத்தல் சர்க்கரை, ஐந்து காலன் நீர், ஒரு கட்டி ரொட்டி ஈஸ்ட். எல்லாவற்றையும் மட்சாடியில் இட்டுத் துணியால் மூடி, நிலவறையில் வைத்தல். கடுமை மிகவேண்டிச் சர்க்கரையை அள்ளிப்போட்டனர். கடுமை வந்தது, சுவை போயிற்று. வெறும் சர்க்கரையில் ஈஸ்ட்டுக்கு வேண்டிய ஊட்டம் இல்லை. அது மிகுந்தால் பீர் மெலிந்து புளித்த பழச்சாறுபோல ஆகும். நொதித்தல் முடியுமுன்னே புட்டியில் அடைத்தவர் வீடுகளில் நள்ளிரவில் நிலவறையிலிருந்து வெடிச்சத்தம் கேட்டது. உள்ளே எஞ்சிய சர்க்கரை நொதிக்க நொதிக்கக் கரியமில வாயு பெருகிப் புட்டியைப் பிளந்துவிடும்.

ஒன்றை இங்கே சொல்லாமல் விடலாகாது. இந்தப் பீர் சுவையற்றதாக இருக்கலாம், தலைவலி தரலாம், ஆனால் கண்ணைப் பறிக்காது. தானியச் சாற்றை நொதிக்கவைப்பதால் உயிரை மாய்க்கும் அளவு மெதில் சாராயம் பிறப்பதில்லை. அதே ஆண்டுகளில் அமெரிக்க நகரங்களில் மடிந்தவர், தொழிற்சாலைக்கென நஞ்சூட்டப்பட்ட சாராயத்தைத் திருத்தி விற்றவரிடம் வாங்கிக் குடித்தவர்கள். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றதும் மெத்தனாலே. வீட்டுச் சாடியையும் நஞ்சு வணிகத்தையும் ஒரே பெயரால் அழைப்பது சட்டத்துக்கு வசதி. சாவுகளின் காரணத்தை அறிய விரும்புவோர்க்கு அது வசதி அன்று.

நம் நாட்டோடு இதற்குக் காலத் தொடர்பு உண்டு. 1929-இல் இராஜாஜி திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து மதுவிலக்குக்கென்றே விமோசனம் என்னும் இதழை நடத்தினார். கல்கி அதில் அவருக்குத் துணை நின்றார். அவர்கள் தமிழில் கள்ளின் கேட்டை எழுதிக்கொண்டிருந்த அதே நாட்களில், உலகின் பெரிய மதுவிலக்கு நாட்டின் நிலவறைகளில் மட்சாடிகள் நுரைத்துக்கொண்டிருந்தன. அமெரிக்கா 1933 டிசம்பர் 5 அன்று மதுவிலக்கைக் கைவிட்டது. நான்காண்டு கழித்து, 1937 அக்டோபர் முதல் நாள், இராஜாஜி சேலம் மாவட்டத்தில் அதனைத் தொடங்கினார். அவர் எடுத்த முடிவு அமெரிக்கத் தோல்வியை அறியாமல் எடுத்ததன்று. கூலிப்பணம் கள்ளுக்கடையில் கரைந்து பிள்ளைகள் பட்டினி கிடந்த வீடுகளை அவர் கண்முன் கண்டவர். அமெரிக்க நடுத்தரக் குடும்பத்தின் நிலவறையும் சேலத்து நெசவாளியின் குடிசையும் ஒன்றல்ல. ஒன்றின் தோல்வியைக் கொண்டு மற்றதை எள்ளுவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

மதுவிலக்கு நீங்கியபின் அமெரிக்காவில் வீட்டில் திராட்சை மது செய்ய இடம் கிடைத்தது, பீருக்குக் கிடைக்கவில்லை. பெரிய ஆலைகள் பெருத்தன, சிறியவை மறைந்தன. வழக்கு மீண்டும் உயிர்பெற்றது இங்கிலாந்தில். 1963-இல் நிதியமைச்சர் ரெஜினால்டு மாட்லிங், 1880 முதல் இருந்த வீட்டு உரிமத்தை நீக்கினார். மருந்துக்கடையில் பிள்ளைகளுக்கு வாங்கிய பாகு, அதே கடையில் தந்தையருக்கான பீர்ப் பெட்டியாக விலைக்கு வந்தது. ஸ்காட்லாந்தில் பணியிலிருந்த அமெரிக்கக் கடற்படைத் தொழிலாளர் ஜேக் மெக்காலிஃப், பூட்ஸ் என்னும் மருந்துக்கடையில் அப்படியொரு பெட்டியை வாங்கிக் காய்ச்சக் கற்றார். ஊர் திரும்பி, 1976-இல் கலிபோர்னியாவின் சொனோமாவில் நியூ ஆல்பியன் என்னும் சிற்றாலையைத் தொடங்கினார். அது சில ஆண்டே நின்றது. ஆனால் அதனைப் பார்த்துப் பிறந்தவை ஆயிரக்கணக்கின.

இந்தப் புதிய தலைமுறை, பழைய நிலவறைக்காரர் அறியாததை அறிந்திருந்தது. பாஸ்டர் 1876-இல் பீரைப்பற்றி எழுதிய நூலும், 1883-இல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தில் எமில் ஹான்சன் ஈஸ்ட்டைத் தூயதாகப் பிரித்தெடுத்ததும் அவர்களுக்குத் துணையாயின. கடும்பீர் செய்வதில் அருமை சர்க்கரையைக் கூட்டுவதில் இல்லை; நுண்ணுயிரைக் கடைசிவரை உயிரோடு வைத்திருப்பதில் உள்ளது. நாலரைக் கிலோ பாகை 19 லிட்டர் சாறாக்கினால், நீரின் அடர்த்தியை 1 எனக் கொள்ள, சாற்றின் அடர்த்தி 1.072 அளவில் நிற்கும். நொதித்து 1.018-க்கு இறங்கினால் சாராயச்சத்து ஏறத்தாழ ஏழு விழுக்காடு. வழக்கமான பீரில் அது நான்கு, ஐந்து. செறிவு மிக்க சாற்றில் விழும் ஈஸ்ட் தொடக்கத்தில் இனிப்பால் இளைக்கிறது. இறுதியில் தானே படைத்த சாராயத்தால் மயங்குகிறது. ஆதலால் மிகுந்த அளவில் ஈஸ்ட் இட வேண்டும். கொதித்த சாற்றில் காற்று இராது. ஆறியபின் குலுக்கிக் காற்றூட்டினால்தான் ஈஸ்ட் தன் மேலுறையை வலுப்படுத்திப் பெருகும். நொதிக்கத் தொடங்கியபின் காற்று பகை. முதல் மூன்று நாள் சாடி கொதிப்பதுபோல் நுரைக்கும். அப்போது வெப்பம் இருபது பாகையைக் கடக்கவிட்டால் கடுநெடியுள்ள சாராயங்கள் பிறந்து தொண்டையை எரிக்கும். பின்னர் நுரை அடங்கும். அடங்கியது கண்டு முடிந்துவிட்டதென்று எண்ணலாகாது. அடர்த்திமானியில் அளவு நாள்கணக்கில் அசையாது நின்றபின்னரே புட்டி. கடும்பீர் அதன்பின்னும் மாதக்கணக்கில் பொறுமை கேட்கும். பெரும்பாணாற்றுப்படையின் இரு பகல் இரு இரவுச் சாடிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான்: அது உடனே பருகுவதற்கு, இது வைத்து முதிர்விப்பதற்கு.

1978-இல் செனட்டர் ஆலன் கிரான்ஸ்டன் கொணர்ந்த திருத்தத்தோடு அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு வரிச் சட்டத்தை நிறைவேற்ற, அக்டோபர் 14 அன்று அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்டார். 1979 பிப்ரவரி முதல், பெரியவர் இருவர் உள்ள வீடு ஆண்டுக்கு இருநூறு காலன் பீரை வரியின்றிக் காய்ச்சலாம். ஒருவரே உள்ள வீட்டுக்கு நூறு. விற்கலாகாது. ஆனால் அமெரிக்காவில் மதுவின்மீது மாநிலங்களுக்கும் அதிகாரம் உண்டு. அவை ஒவ்வொன்றாகவே இணங்கின. தமிழ்நாட்டில் 1987-இல் பனங்கள் இறக்குவது தடைசெய்யப்பட்டு, 2003 முதல் மதுக்கடைகளை அரசு நிறுவனமே நடத்தத் தொடங்கியதை ஒப்புநோக்குவோர்க்கு, விற்பவன் கை யாருடையது என்னும் வினாவே எங்கும் முன்நிற்பது விளங்கும். மிசிசிப்பியும் அலபாமாவும் கடைசிவரை மறுத்து நின்றன. மால்ட்டுப் பாகு அங்கே கடைகளில் தடையின்றிக் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. அதில் ஈஸ்ட்டைக் கலந்துவைப்பது அவ்விரு மாநிலங்களிலும் 2013-இல்தான் குற்றமல்லாதாயிற்று.